ரோடு யார் பெயரில் இருக்கிறது?

வீடு, மனை, தெரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் திருத்தணி, பள்ளிப்பட்டு, அரக்கோணம், நகரி பக்கத்துக் கடிதங்கள். சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ் போகிறது, அதனால் கழனியெல்லாம் கல் நட்ட மனைகளாகிக்கொண்டு வருகின்றன. எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல்கள் சிலவும் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நானும் கணவரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறோம், திருத்தணியில் வாடகை வீடு. ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் மனை பார்த்தோம், விலை ஒன்பதரை லட்சம். 'டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா இருக்கு, ரிங் ரோடு பக்கத்திலேயே வருது' என்கிறார்கள். இந்த வாரமே ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? - வாசகி, திருத்தணி

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள். ஒன்றரை லட்சம் என்பது ஒன்பதரை லட்சத்தில் பத்து சதவீதத்துக்கு மேல். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது. இந்தச் சட்டம் மனைக்கும் உண்டு, ஃபிளாட்டுக்கு மட்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து மனை போட்டாலே ரெராவில், அதாவது இந்தச் சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு வேண்டும். விற்றுக் கொடுக்கும் புரோக்கருக்கும் அதில் பதிவு எண் இருக்க வேண்டும். இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி, ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

'டிடிசிபி அப்ரூவ்டு' என்ற வார்த்தையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்புத் துறை முதலில் கொடுப்பது தொழில்நுட்ப அனுமதி மட்டும். அதற்குப் பிறகு லேஅவுட் போட்டவர் உள்ளே வரும் ரோடுகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் உள்ளாட்சியின் இறுதி அனுமதி வரும். இறுதி அனுமதி வந்தால்தான் அது அப்ரூவ்டு லேஅவுட். முதல் கடிதத்தை மட்டும் லேமினேஷன் போட்டுக் காட்டி மனையை விற்றுவிட்டு, ரோடுகளைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தெருவில் வீடு கட்டி உட்கார்ந்த பிறகு ரோடு இல்லை, கால்வாய் இல்லை, விளக்கு இல்லை என்று எழுதுகிற கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது. அடுத்த கேள்வியே அதுதான்.

ஆகவே அவர்களிடம் கேட்க வேண்டிய காகிதம் ரோடுகளுக்கான தானப்பத்திரத்தின் நகல். கொடுக்கத் தயங்கினாலும் நீங்களே பார்த்துவிடலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஊராட்சியின் பெயரில் தானம் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். வரவில்லை என்றால் அந்த மனையை விட்டுவிட்டு வேறு பாருங்கள், திருத்தணியைச் சுற்றி மனைக்குப் பஞ்சமில்லை.

மற்றபடி வழக்கமானவைதான்: பட்டா யார் பெயரில், உட்பிரிவு ஆகிவிட்டதா, கூட்டுப் பட்டாவா, புல வரைபடத்தில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா, பவர் வாங்கி விற்கிறவர் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா. பட்டாவும், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேடும், புல வரைபடமும் வருவாய்த் துறையின் இ-சேவை தளத்திலேயே பார்க்கலாம். திருத்தணி பக்கம் கோயில் நிலமும் கலந்து கிடக்கிறது என்பதால் 'அ' பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். கோயில் பெயரில் இருக்கும் நிலத்தை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பதிய முடியாது.

ரிங் ரோடு விஷயம். சென்னை எல்லைச் சாலை எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோயில் வழியாக மாமல்லபுரம் பக்கம் போய் முடிகிறது. திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்கு நாற்பது கிலோமீட்டர். அந்தச் சாலையைக் காட்டி உங்கள் மனைக்கு விலை ஏற்றினால், அந்தக் கூடுதல் விலையைத் தராதீர்கள். ஆனால் அவர்கள் கொடுத்த நோட்டீசை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பொய்யான தகவல் கொடுத்து அதை நம்பி ஒருவர் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கவும், வேண்டாமென்று விலகிப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கவும் அதே ரியல் எஸ்டேட் சட்டத்தில் வழி இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்து வாங்குவதென்று முடிவானால், உங்கள் பெயரிலேயே பதியுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்பதரை லட்சத்துக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம். சொத்து உங்கள் பெயரில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிது.

கேள்வி: எங்கள் லேஅவுட் திருவள்ளூர்-திருத்தணி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இருக்கிறது. அறுபது வீடுகளுக்கு மேல் வந்தாகிவிட்டது. மழை பெய்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வண்டியில் போக முடியாது, தெரு விளக்கு நாங்களே கம்பம் நட்டு வீட்டு மின்சாரத்தில் போட்டது. ஊராட்சியில் கேட்டால் 'இது பிரைவேட் ரோடு, நாங்கள் செலவு பண்ண முடியாது' என்கிறார்கள். வீட்டு வரி மட்டும் ஒழுங்காக வாங்குகிறார்கள். - தெருவாசிகள் சார்பாக ஒருவர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அறுபது குடும்பம் வரி கட்டிக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் ஊராட்சி சொல்வதிலும் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, அதை உடைக்காமல் எத்தனை மனு போட்டாலும் அதே பதில்தான் வரும். தன் பெயரில் இல்லாத ரோட்டில் ஊராட்சிப் பணத்தைப் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அலுவலர்கள் பயப்படுகிறார்கள்.

முதல் வேலையாக ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இரண்டே கேள்வி போதும்: இந்த சர்வே எண்ணில் உள்ள லேஅவுட்டுக்கு அனுமதி உண்டா, உண்டென்றால் அனுமதி வரைபடத்தின் நகல். ரோடும் பூங்காவும் தானமாக வந்ததா, வந்தால் அந்தப் பத்திர எண். இதை ஊராட்சிக்கு ஒன்று, நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்புங்கள். சில இடங்களில் தானப்பத்திரம் பல வருடம் முன்பே பதிவாகி, ஊராட்சிச் செயலர் மாறியதில் யாருக்கும் தெரியாமல் பீரோவில் கிடக்கும். அப்படி இருந்தால் உங்கள் பிரச்சினை அன்றைக்கே பாதி தீர்ந்தது.

தானம் எழுதவே இல்லை என்றால் லேஅவுட் போட்டவரைப் பிடிக்க வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசுகளை. லேஅவுட் வரைபடத்தில் ரோடு என்று காட்டி மனைகளை விற்றவர், அந்த ரோட்டைத் தன் சொந்த நிலம் என்று பிறகு விற்கவோ வேலி போடவோ முடியாது. இதைப் பெரும்பாலான வாரிசுகள் ஒரு வக்கீல் நோட்டீஸ் போனதும் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அந்த ரோட்டால் ஒரு லாபமும் இல்லை, கையெழுத்துப் போட்டுத் தர ஒரு நாள் செலவாகும், அவ்வளவுதான். பத்திரச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். கையிலிருந்து செலவு செய்வதா என்று சிலர் முறைப்பார்கள், அறுபது வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வந்துவிடப் போகிறது.

இதற்குத் தனி ஆளாக அலையாதீர்கள். குடியிருப்போர் சங்கம் ஒன்றை 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவான சங்கத்தின் லெட்டர்பேடில் போகும் மனுவுக்கு அலுவலகத்தில் கிடைக்கிற மரியாதை வேறு. வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சேற்றில் நடப்பது அவர்கள் பிள்ளைகளும்தான்.

ரோடு ஊராட்சி பெயருக்கு வந்த பிறகு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. அறுபது வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்தாலே அந்தக் கூட்டத்தில் நீங்கள்தான் பெரும்பான்மை, அதிலும் பெண்கள் போக வேண்டும். தீர்மானத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழியாக 'பார்க்கலாம்' என்றால் எழுந்து வராதீர்கள். பணம் இல்லை என்று சொன்னால் நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்கள், மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு மூன்று கோடி இருக்கிறது, அதிலும் மனு கொடுக்கலாம்.

ரோட்டுக்கு முன்னால் கால்வாயைக் கேளுங்கள். சிமெண்ட் ரோட்டை உயர்த்திப் போட்டுவிட்டு, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று பிறகு அழுவதை இந்தப் பக்கத்திலேயே நிறைய ஊரில் பார்த்துவிட்டேன். கம்பத்தில் வீட்டு மின்சாரத்தை இழுத்திருப்பதை உடனே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் உயிருக்கு ஆபத்து, மின்வாரியம் பிடித்தால் அபராதமும் வரும்.

கேள்வி: நான் வாங்க இருக்கும் வீட்டின் தாய்ப் பத்திரம் 1954-ஆம் வருடத்தையது, தெலுங்கில் இருக்கிறது. சித்தூர் மாவட்டம் என்று போட்டிருக்கிறது. ஆனால் வீடு பொதட்டூர்பேட்டையில், தமிழ்நாட்டில். வங்கியில் யோசிக்கிறார்கள். இது செல்லுமா? - வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: தாராளமாகச் செல்லும். சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானதிலிருந்து உங்கள் பகுதி அதில்தான் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959-இல் நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் சுற்றியுள்ள ஊர்களும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. மாநிலம் மாறியதால் யாருடைய உரிமையும் போய்விடவில்லை. வங்கி அதிகாரி வெளியூர்க்காரராக இருந்தால் இந்த விவரத்தை ஒரு தாளில் எழுதியே கொடுங்கள்.

செய்ய வேண்டியது, பத்திரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்குவது. தெலுங்கு பேசத் தெரிந்தவர் போதாது, பழைய பத்திர நடை படிக்கத் தெரிந்தவர் வேண்டும், உங்கள் ஊரில் வயதான பத்திர எழுத்தர்கள் யாராவது இருப்பார்கள். நாலு எல்லையை வார்த்தைக்கு வார்த்தை சரியாக எழுதச் சொல்லுங்கள். சிக்கல் வருவது சர்வே எண்ணில்தான். உங்கள் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி கார்வெட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தவை, 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி அளவைக்கு வந்தன, எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் வந்தபோது பட்டாவில் பெயரும் எண்ணும் இன்னொரு முறை மாறின. பழைய எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தால் வங்கி வக்கீல் மறுபேச்சு பேசமாட்டார்.

கேள்வி: தங்கை நகரியில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பக்கத்தில் ஐந்து சென்ட் இடம் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. டி.கே.டி. பட்டா என்கிறார்கள். நான் அரக்கோணத்துக்காரன், ஆந்திராவில் வாங்கலாமா? - வாசகர், அரக்கோணம்

பதில்: ஆந்திராவில் வீட்டு மனை வாங்க உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. இந்த இடத்தை வாங்க வேண்டாம். டி.கே.டி. பட்டா என்பது நிலமில்லாத ஏழைக்கு அரசு ஒப்படைத்த நிலத்துக்கான பட்டா. அதை விற்கக் கூடாது என்று 1977-ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டம் சொல்கிறது. விற்றாலும் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். சமீப வருடங்களில் இந்த விதியில் தளர்வுகளும் மறு ஆய்வும் மாறி மாறி வந்திருப்பதால், 'இப்போ ஃப்ரீ பண்ணிட்டாங்க' என்று யாராவது சொன்னால் சார் பதிவாளர் அலுவலகத்துக்கே போய், அந்த எண் பதிவு செய்யக் கூடாத நிலங்களின் 22-ஏ தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தங்கை பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் நல்ல பட்டா இடமாகப் பாருங்கள். அந்தப் பக்கம் அங்கணம், கஜம் என்று அளவு சொல்வார்கள். கஜம் ஒன்பது சதுர அடி. அங்கணம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் பேச்சை எப்போதும் சதுர அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நில விவரம் ஆந்திர அரசின் மீ பூமி இணையதளத்தில் கிடைக்கும். பத்திரத்தைப் புரோக்கர் படித்துச் சொல்லக் கேட்காமல், தங்கை வீட்டுக்காரரையோ தெலுங்கு தெரிந்த வக்கீலையோ வைத்துப் படியுங்கள்.

கேள்வி: பள்ளிப்பட்டில் ஆற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் கட்டிய வீடு விலைக்கு வருகிறது. ஆறு எப்போதும் வறண்டுதானே கிடக்கிறது, பயப்பட வேண்டுமா? - வாசகி, ஆர்.கே.பேட்டை

பதில்: பயப்படத்தான் வேண்டும். உங்கள் ஊர் மழையை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாத ஆறு அது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை, அம்மப்பள்ளி அணை என்றும் சொல்வார்கள், அது நிரம்பித் திறந்தால் தண்ணீர் நேராகப் பள்ளிப்பட்டுக்கு வந்து, லவா, குசா ஆறுகளோடு சேர்ந்து கொசஸ்தலையாகப் பூண்டிக்கு ஓடுகிறது. உங்கள் வீட்டு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரலாம். 2021 நவம்பரில் தரைப்பாலங்கள் மூழ்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரில் புது பெயின்ட் எந்த உயரம் வரை அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தெருவில் ஆடு மாடு மேய்க்கிறவர்களிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், விற்கிறவரைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். வீடு மேட்டில் இருந்தால்கூட, ஊருக்குள் வர ஒரே வழி தரைப்பாலம் என்றால் வெள்ளத்தில் நாலு நாள் மாட்டிக்கொள்வீர்கள், வீட்டில் கர்ப்பிணியோ வயதானவர்களோ இருந்தால் அதை யோசியுங்கள். 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண்ணோ ஒட்டிய எண்ணோ ஓடை, வாய்க்கால், ஏரி என்று இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: விசைத்தறி ஓட்டுகிறேன். சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டுக் கடன் கிடைக்குமா, மானியம் ஏதாவது உண்டா? - வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: கிடைக்கும். கூலிப் பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்க ஆரம்பியுங்கள், வருமான வரிக் கணக்கு இரண்டு மூன்று வருடம் தாக்கல் செய்யுங்கள், வரி வராவிட்டாலும் பரவாயில்லை. முப்பது லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், ஆனால் வீட்டின் விலை பத்து லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பணத்தைத் தனியாகச் சேர்த்துக்கொண்டு வீடு தேடுங்கள், கடைசி நேரத்தில் அதற்காகக் கந்துவட்டிக்கு ஓடியவர்கள் நிறைய.

மானியம் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கல் வீடு இல்லை என்றால், முதல் எட்டு லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக வரும். கடன் கேட்கும்போதே இந்தத் திட்டத்தில் போடச் சொல்லி வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தை லேஅவுட் போட்டவரே இப்போது மனையாகப் பிரித்து விற்கப் பார்க்கிறார். தடுக்க முடியுமா? - வாசகி, திருவள்ளூர் பக்கம்

பதில்: முடியும், ஆனால் விற்பதற்கு முன்பே தடுக்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், ரோடு போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்துவிட்ட இடம் அவருடையது இல்லை. தானப்பத்திர நகலையும் அனுமதி வரைபடத்தையும் சேர்த்து, சார் பதிவாளருக்கு ஆட்சேப மனு, உள்ளாட்சி அலுவலருக்கு ஒரு மனு, ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஒரு மனு என்று இந்த வாரமே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தானம் எழுதாமல் இருந்தால் ரெராவிலும் நகர் ஊரமைப்புத் துறையிலும் புகார் போடுங்கள். உள்ளாட்சியை வைத்து அந்த இடத்தில் பெயர்ப் பலகை நட்டு, சுற்றிக் கம்பி வேலி போட வையுங்கள். வேலிக்குப் பணமில்லை என்பார்கள், அதற்கும் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம். அது முடிந்த கையோடு நாலு புங்கன், நாலு வேம்பு வையுங்கள், பிள்ளைகளை விளையாட அனுப்புங்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தைக் காலி மனை என்று காட்டி விற்பது கஷ்டம்.